கிருஷ்ணரைக் காசில் பொறித்த கிரேக்க அரசன்: அகதோக்ளீஸ் பற்றி எது உறுதி, எது ஊகம்

கேள்வியை முதலில் சரியாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். அகதோக்ளீஸ் என்ற கிரேக்க அரசன் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணர், பலராமர் உருவங்களோடு வெள்ளிக் காசு வெளியிட்டான் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைப் படித்திருக்கிறீர்கள். அது உண்மையா, அப்படியென்றால் அவன் இந்து மதத்துக்கு மாறிவிட்டானா, அவன் ஆட்சியைப் பற்றி ஏன் எங்கும் விவரமாக இல்லை, அந்தக் காசு ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறதே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: காசைத் தவிர வேறு எதையும் விட்டுப் போகாத ஓர் அரசனைப் பற்றி எவ்வளவு தூரம் துணிந்து பேசலாம்? பழங்காசுகளை எடை போட்டு, அச்சு ஒப்பிட்டு, பட்டியல் எழுதுவதிலேயே என் வேலைக்காலம் போயிருக்கிறது, அதனால் இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிரேக்கமும் பிராமியும் நானே படிப்பேன், அந்தக் கால வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி எழுத்தில் எனக்கு அவ்வளவு பயிற்சி இல்லை, அது வரும் இடத்தில் மற்றவர்கள் படித்ததை நம்பித்தான் பேசுகிறேன்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: காசு உண்மை, அதில் சந்தேகமே வேண்டாம். மதம் மாறினான் என்பதற்குச் சான்று கிடையாது. ஆட்சி விவரம் கிடைக்காததற்குக் காரணம், நமக்கு வந்து சேர்ந்த எந்தக் கிரேக்க, லத்தீன், இந்திய நூலிலும் அவன் பெயர் இல்லை. ஒரே ஒரு வரிகூட இல்லை. அவன் எந்த ஆண்டு பட்டத்துக்கு வந்தான், யாரோடு போரிட்டான், எப்படி இறந்தான் என்று யாராவது உறுதியாக எழுதியிருந்தால் அது காசுகளிலிருந்து ஊகித்தது, அந்த ஊகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாம் கேட்க வேண்டும். விற்பனை விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அவன் எங்கிருந்து வருகிறான் என்று புரிய கொஞ்சம் பின்னணி தேவை. அலெக்சாண்டருக்குப் பிறகு இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தானும் அதை ஒட்டிய அமு தரியா ஆற்றுப் பகுதியும், அதாவது பாக்திரியா, அவனுடைய படைத்தலைவர்களில் ஒருவனான செலூக்கஸின் கைக்குப் போயிற்று. செலூக்கஸ் இந்து குஷ் மலைக்குத் தெற்கே இருந்த நிலங்களைச் சந்திரகுப்த மௌரியரிடம் விட்டுக்கொடுத்து 500 யானைகளைப் பெற்றுக்கொண்டான். சுமார் கி.மு. 250 வாக்கில் பாக்திரியாவின் ஆளுநராக இருந்த டியோடோடஸ் செலூக்கிய அரசிலிருந்து பிரிந்து தனி அரசன் ஆனான். அவன் வம்சத்தை யூதிடெமஸ் என்பவன் அழித்துவிட்டு ஆட்சியைப் பிடித்தான். இவனை ஒடுக்க செலூக்கிய அரசன் மூன்றாம் அந்தியோக்கஸ் படையோடு வந்து கி.மு. 208 முதல் 206 வரை பாக்திரியாவின் தலைநகரான பாக்ட்ராவை முற்றுகையிட்டதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். கடைசியில் சமாதானம் ஆயிற்று, யூதிடெமஸின் மகன் டெமெட்ரியஸ் தூது போனான். பிற்பாடு இந்த டெமெட்ரியஸ்தான் மலையைத் தாண்டித் தெற்கே இறங்கினான். அவன் காசில் யானைத் தலையைத் தலைக்கவசமாக அணிந்திருப்பதை நீங்கள் படங்களில் பார்த்திருக்கலாம். இவ்வளவுதான் ஓரளவு உறுதியான தரை. இதற்குப் பிறகு, யூக்ரடைடிஸ் என்பவன் சுமார் கி.மு. 171-இல் தலைதூக்கும் வரை, எழுத்துச் சான்று கிட்டத்தட்ட வறண்டுபோகிறது. அந்த இருட்டான பதினைந்து இருபது வருடத்துக்குள்தான் பான்டலியன், அகதோக்ளீஸ், இரண்டாம் யூதிடெமஸ், அன்டிமாக்கஸ், அப்போலோடோடஸ் என்று ஒரு கூட்டமே வந்து போகிறது.

இவர்களை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள் என்று கேட்பீர்கள். பாக்திரியக் காசுகளில் தெய்வ உருவத்துக்குப் பக்கத்தில் கிரேக்க எழுத்துகளைப் பின்னிச் செய்த ஒரு சின்னக் குறி இருக்கும். அக்கசாலையின் (காசு அடிக்கும் இடத்தின்) குறியா, அதிகாரியின் குறியா என்பதில் இன்னும் சண்டை உண்டு, ஆனால் ஒரே குறி இரண்டு அரசர்களின் காசில் வந்தால் அவர்கள் காலத்தால் நெருங்கியவர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டாம் யூதிடெமஸ், பான்டலியன், அகதோக்ளீஸ் மூவருக்கும் பொதுவான குறிகள் உண்டு. அதோடு, எந்தப் புதையலில் யார் காசு யார் காசோடு சேர்ந்து கிடக்கிறது, எது அதிகம் தேய்ந்திருக்கிறது, எது புதிதாக இருக்கிறது என்றும் பார்ப்போம். இப்படிப் பார்த்து அகதோக்ளீஸை கி.மு. 190-க்கும் 170-க்கும் இடையில் எங்கோ வைக்கிறார்கள். பெரும்பாலும் 190 முதல் 180 வரை என்று அச்சிடுவார்கள். அந்த எண்களைப் பிறந்த தேதி மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள், அவை ஒரு வசதிக்காகப் போட்ட வேலி.

சரி, உங்களை இங்கே கொண்டுவந்த காசுக்கு வருவோம். வடக்கு ஆப்கானிஸ்தானில் கோக்சா ஆறு அமு தரியாவின் மேல்பகுதியோடு கலக்கும் இடத்தில் அய் கானூம் என்ற ஊர் இருக்கிறது. 1961-இல் வேட்டைக்கு வந்த மன்னர் ஜாஹிர் ஷாவுக்கு ஊர்க்காரர்கள் ஒரு கிரேக்கத் தூண் தலையைக் காட்டினார்கள், அதிலிருந்துதான் அங்கே ஒரு முழு நகரம் புதைந்திருப்பது தெரியவந்தது. பால் பெர்னார் தலைமையில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1978 வரை தோண்டினார்கள். அரண்மனை, நாடக அரங்கு, உடற்பயிற்சிக்கூடம், கருவூலம் எல்லாம் வெளிவந்தன. 1970-இல் அரண்மனைப் பகுதியில் ஒரு புதையல் கிடைத்தது. 600-க்கும் மேற்பட்ட காசுகள், கிட்டத்தட்ட எல்லாமே நம் நாட்டு முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள். அவற்றோடு கலந்து ஆறு காசு மட்டும் வேறு மாதிரி இருந்தது. வட்டமாக இல்லை, சதுரத்துக்கு நெருங்கிய வடிவம், இந்திய எடைமுறை, இரண்டு பக்கமும் நிற்கும் உருவம்.

ஒரு பக்கம் கிரேக்கத்தில் 'பசிலியோஸ் அகதோக்ளியூஸ்', அதாவது அரசன் அகதோக்ளீஸுடையது என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் நிற்பவர் கையில் கலப்பையும் உலக்கையும். மறுபக்கம் பிராமியில் 'ராஜனே அகதுக்லாயஸ' என்று அதே செய்தி. அங்கே நிற்பவர் கையில் ஆரங்கள் தெளிவாகத் தெரியும் சக்கரம், இன்னொரு கையில் சங்கு. கலப்பையும் உலக்கையும் சங்கர்ஷணருடையவை, அதாவது பலராமர். சக்கரம் வாசுதேவ கிருஷ்ணர். இந்த அடையாளம் இன்று பரவலாக ஏற்கப்பட்டது, நானும் ஏற்கிறேன். உறுத்தும் விவரங்களும் உண்டு. சங்கு சங்கு மாதிரியே இல்லை, கழுத்து நீண்ட குடுவை போல இருக்கிறது. தலைக்கு மேலே இருக்க வேண்டிய குடை, தலையிலேயே ஒட்டிய கொண்டை மாதிரி ஆகிவிட்டது. அச்சு வெட்டிய கைவினைஞர் இந்த உருவங்களை வேறு எங்கோ பார்த்து, அல்லது யாரோ சொல்லக் கேட்டு, சரியாகப் புரியாமல் வெட்டியிருக்கிறார் என்பது நல்ல விளக்கம். அப்படியானால் அவர் பார்த்து வெட்ட ஒரு மூல உருவம் அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அது கல்லா, மரமா, துணியா தெரியாது, கையில் எதுவும் மிஞ்சவில்லை. நமக்குக் காலம் ஓரளவு உறுதியாகத் தெரிந்த கிருஷ்ணர், பலராமர் உருவங்களில் இந்தக் காசில் இருப்பவைதான் மிகப் பழையவை, அதனால்தான் இந்தச் சின்ன வெள்ளித்துண்டுகளுக்கு இவ்வளவு மதிப்பு.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, கிரேக்க எழுத்து இருக்கும் முன்பக்கத்தைப் பிடித்திருப்பவர் பலராமர், கிருஷ்ணர் அல்ல. பல பதிவுகளில் 'கிருஷ்ணர் காசு' என்றே எழுதிவிடுகிறார்கள், பலராமர் துணைப் பாத்திரம் ஆகிவிடுகிறார். அந்தக் காலத்தில் அண்ணனும் தம்பியும் ஜோடியாகத்தான் வணங்கப்பட்டார்கள், மூத்தவர் பெயர் முதலில் வரும். ராஜஸ்தானின் கோசுண்டி கல்வெட்டும் மகாராஷ்டிரத்தின் நானேகாட் கல்வெட்டும் சங்கர்ஷணர், வாசுதேவர் என்ற வரிசையிலேயே சொல்கின்றன. நம் சங்கப் பாடல் ஒன்றில், சோழ அரசனும் பாண்டிய அரசனும் சேர்ந்திருப்பதைக் கண்ட புலவர், பால் நிறப் பனைக்கொடியோனும் நீல நிறச் சக்கரத்தோனும் உடன் நின்றது போல இருக்கிறது என்று பாடுகிறார். அங்கேயும் அண்ணன்தான் முதலில். இதை வைத்து அகதோக்ளீஸுக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இந்த ஜோடி வழிபாடு எவ்வளவு அகலமாகப் பரவியிருந்தது என்பதற்கு அது ஒரு சான்று, அவ்வளவுதான்.

இப்போது மதமாற்றம். காசில் ஒரு தெய்வம் இருந்தால் அரசன் அந்தத் தெய்வத்தின் பக்தன் என்று சொல்ல முடியுமா? அகதோக்ளீஸ் விஷயத்தில் பதில் அவன் காசுகளிலேயே இருக்கிறது. பாக்திரியாவில் புழங்குவதற்காக அவன் அடித்த பெரிய வெள்ளிக் காசு, சுமார் 17 கிராம் எடை, முழுக்க கிரேக்க முறை. ஒரு பக்கம் அரசனின் தலை, மறுபக்கம் ஹெக்கடே தேவியின் சிறு உருவத்தைக் கையில் ஏந்தி நிற்கும் ஜீயஸ். அதில் ஒரு இந்திய எழுத்துகூடக் கிடையாது. சில்லறைக் காசுகளில் கிரேக்க மதுத் தெய்வமான டயோனைசஸும் அவருடைய சிறுத்தையும். செம்பில் அடித்த இன்னொரு வகையில் ஒரு பக்கம் பூ ஏந்திய இந்தியப் பெண் தெய்வம், மறுபக்கம் சிங்கமோ சிறுத்தையோ. அந்தப் பெண் லட்சுமி என்பார்கள், வேறு பெயரும் சொல்வார்கள், என் கருத்தில் எதையும் அடித்துச் சொல்லும் அளவுக்கு அடையாளம் அந்தக் காசில் இல்லை. இவற்றையும் தாண்டி கரோஷ்டி எழுத்தோடு ஒரு வகை உண்டு, ஒரு பக்கம் வளைவுகளை அடுக்கிய குன்று, அதன் மேல் நட்சத்திரம், மறுபக்கம் வேலிக்குள் மரம். அந்தக் குன்றைப் பௌத்தச் சின்னம் என்று எடுத்துக்கொண்டு அவனைப் பௌத்தன் ஆக்கியவர்களும் இருக்கிறார்கள். ஆக ஜீயஸ் பக்தன், டயோனைசஸ் பக்தன், பாகவதன் (அதாவது வாசுதேவ பக்தன்), பௌத்தன் என்று நான்கு அகதோக்ளீஸ்கள் ஆகிவிடும். அதைவிட எளிமையான விளக்கம், எந்தச் சந்தையில் எந்த உருவத்துக்கு மதிப்பு உண்டோ அந்த உருவத்தை அங்கே அடித்தான் என்பது. முத்திரைக் காசுகளை எடுத்தெண்ணிப் பழகிய ஒரு இந்திய வணிகனின் கையில் வட்டமான, கனமான, ஜீயஸ் போட்ட காசைக் கொடுத்தால் அவன் எடைத்தட்டில்தான் போட்டுப் பார்ப்பான். அவனுக்குத் தெரிந்த எடை, தெரிந்த வடிவம், தெரிந்த தெய்வம், தெரிந்த எழுத்து, அதில் அரசனுடைய பெயர்: இந்த ஆறு காசும் அதைத்தான் செய்கின்றன.

உண்மையிலேயே பாகவதனான ஒரு கிரேக்கன் இருந்தான், ஒப்பிட்டுப் பார்க்க அவன் உதவுவான். அவனைப் பற்றி நமக்குச் சொல்வது மத்தியப் பிரதேசத்தில் விதிஷாவுக்கு அருகே பெஸ்நகரில் நிற்கும் ஒரு தூண். தட்சசீலத்தைச் சேர்ந்த டியோனின் மகன் ஹெலியோடோரஸ், அன்டியால்கிடாஸ் என்ற கிரேக்க அரசனின் தூதனாக பாகபத்ரன் என்ற அரசனிடம் வந்தவன், வாசுதேவருக்குக் கருடத் தூண் எழுப்பி, அதில் தன்னை 'பாகவதன்' என்று தானே எழுதி வைத்திருக்கிறான். கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, அகதோக்ளீஸுக்கு இரண்டு மூன்று தலைமுறை பிந்தி. இது தனி மனிதன் சொந்த வாயால் சொன்னது. அகதோக்ளீஸின் காசு அப்படி எதுவும் சொல்லவில்லை, அரசன் என்ற பட்டத்தையும் பெயரையும் மட்டும் சொல்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. அதே சமயம் அவனுக்கு அந்தத் தெய்வங்களின் மேல் மதிப்பே இல்லை, வெறும் வியாபாரம் என்று சொல்வதும் அதிகப்படி. கிரேக்கர்கள் போன இடத்துத் தெய்வங்களைத் தங்கள் தெய்வங்களோடு பொருத்திப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள். அதற்கு நூறு வருடம் முன்பே மெகஸ்தனீஸ், மதுராப் பகுதி மக்கள் ஹெராக்ளிசை வணங்குகிறார்கள் என்று எழுதியிருந்தார், அது கிருஷ்ணராகவே இருக்கும் என்பது பலருடைய கருத்து. அகதோக்ளீஸின் மனதில் என்ன இருந்தது என்பதைக் காசு காட்டாது. தன் புதுக் குடிமக்களுக்கு முன்னால் எப்படித் தெரிய விரும்பினான் என்பதைக் காட்டும்.

எல்லாரும் கிருஷ்ணர் காசோடு நின்றுவிடுகிறார்கள், எனக்கு வருத்தமே அதுதான், ஏனென்றால் அவன் ஆட்சியைப் பற்றி அதிகம் பேசுவது வேறு ஒரு வரிசை. அறிஞர்கள் அதை மூதாதையர் காசுகள் என்பார்கள். பெரிய கிரேக்க எடை வெள்ளிக் காசுகள்தான், ஆனால் முன்பக்கம் அகதோக்ளீஸின் முகம் இல்லை. ஒன்றில் 'பிலிப்பின் மகன் அலெக்சாண்டர்', ஒன்றில் 'அந்தியோக்கஸ் நிகேட்டர்', ஒன்றில் 'டியோடோடஸ் சோட்டர்', ஒன்றில் 'யூதிடெமஸ் தியோஸ்', ஒன்றில் 'டெமெட்ரியஸ் அனிகெட்டஸ்', ஒன்றில் 'பான்டலியன் சோட்டர்'. ஒவ்வொன்றிலும் அந்தந்த அரசன் காலத்துக் காசின் தெய்வத்தை அப்படியே வைத்து, பின்பக்கத்தில் 'நீதிமான் அகதோக்ளீஸ் ஆளும்போது' என்று பொறித்திருக்கிறான். இறந்துபோன அரசர்களை வரிசையாக நினைவுகூரும் இப்படி ஒரு காசுத் தொடர் அதற்கு முன்பு எந்தக் கிரேக்க அரசிலும் நான் பார்த்ததில்லை. சோட்டர் என்றால் காப்பவன், தியோஸ் என்றால் தெய்வம், அனிகெட்டஸ் என்றால் வெல்லப்படாதவன், இந்தப் பட்டங்கள் எல்லாம் அவர்கள் உயிரோடு இருந்தபோது அடித்த காசுகளில் பெரும்பாலும் இல்லாதவை.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அந்தியோக்கஸ் வம்சத்திடமிருந்து பிரிந்து கலகம் செய்தவன் டியோடோடஸ். டியோடோடஸின் வாரிசுகளை ஒழித்துக்கட்டியவன் யூதிடெமஸ், அதைத் தானே பெருமையாகச் சொல்லிக்கொண்டதாகப் பாலிபியஸ் எழுதுகிறார். 'நான் கலகக்காரன் இல்லை, கலகக்காரர்களின் பிள்ளைகளை அழித்துத்தான் ஆட்சிக்கு வந்தேன்' என்பது அந்தியோக்கஸிடம் அவன் வைத்த வாதம். ஒருவரை ஒருவர் கவிழ்த்தவர்கள் எல்லாரையும் அகதோக்ளீஸ் ஒரே வரிசையில் நிறுத்தி மரியாதை செய்கிறான். ரத்த உறவைக் காட்டும் குடும்ப மரமாக இதைப் படிக்க முடியாது. பாக்திரியாவை ஆண்ட எல்லாருடைய உரிமையும் இப்போது என்னிடம் வந்து நிற்கிறது என்ற அறிவிப்பாகப் படிக்கலாம். யாருக்கு இந்த அறிவிப்பு தேவைப்படும்? தன் உரிமையை யாரோ மறுத்துக்கொண்டிருந்த அரசனுக்கு. அன்டிமாக்கஸ் என்ற அரசனும் டியோடோடஸ், யூதிடெமஸ் இருவர் பெயரிலும் இதே மாதிரிக் காசு அடித்திருக்கிறான், ஆகவே ஒரே முன்னோர்களுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். இருவரும் ஒரே சமயத்தில் போட்டியிட்டார்களா, ஒருவரை அடுத்து ஒருவர் வந்தார்களா, கூட்டாளிகளா என்பது காசைக் கொண்டு மட்டும் தீராது. நான் போட்டி என்ற பக்கம் சாய்கிறேன், ஆனால் இது என் சாய்வு, சான்று அல்ல. அந்த 'அந்தியோக்கஸ் நிகேட்டர்' யார் என்பதும் பெரிய சிக்கல். நிகேட்டர் என்ற பட்டம் முதலாம் செலூக்கஸோடு சேர்ந்தது, அந்தியோக்கஸ்களில் எவரைச் சொல்கிறான் என்று ஆளுக்கொரு பதில் உண்டு, பாக்திரியாவிலேயே அந்தப் பெயரில் நமக்குத் தெரியாத ஒரு அரசன் இருந்தான் என்று வாதிடுபவரும் உண்டு.

குடும்பத்தைப் பற்றி இணையத்தில் வருவது பெரும்பாலும் காற்றில் கட்டியது. யூதிடெமஸின் மகன், டெமெட்ரியஸின் தம்பி, பான்டலியனின் தம்பி அல்லது மகன் என்றெல்லாம் எழுதுவார்கள். பான்டலியனுக்கும் அவனுக்கும் காசு வகைகள் இவ்வளவு ஒத்துப்போவதால் நெருங்கிய உறவு, பான்டலியன் முந்தியவன் என்பது நியாயமான ஊகம், மூதாதையர் வரிசையில் பான்டலியன் இருப்பதும் அதற்கு வலு. மற்றபடி அகதோக்ளியா என்ற பிற்கால ராணியை அவன் மகள் ஆக்குவதற்குப் பெயர் ஒற்றுமை தவிர வேறு ஆதாரம் கிடையாது.

உலோகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் யூதிடெமஸ், பான்டலியன், அகதோக்ளீஸ் மூவரும் சில்லறைக் காசுகளைச் செம்பு, நிக்கல் கலந்த உலோகத்தில் அடித்தார்கள், சுமார் ஐந்தில் ஒரு பங்கு நிக்கல். 1980-களில் நம் கையில் புழங்கிய ஒரு ரூபாய், ஐம்பது பைசா நாணயங்களும் செம்பு-நிக்கல்தான், ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்தக் கலவையைக் காசுக்கு எடுத்துக்கொண்டது 19-ஆம் நூற்றாண்டில். நிக்கலைத் தனி உலோகமாகவே யாரும் அறியாத காலத்தில் இவர்களுக்கு இது எப்படிக் கிடைத்தது? சீனாவிலிருந்து வணிக வழியாக வந்திருக்கும் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள், பழைய புத்தகங்களில் அதுவே இருக்கும். இன்று அதற்கு ஆதரவு குறைவு, நிக்கல் இயற்கையாகக் கலந்த செம்புத் தாது பக்கத்திலேயே எங்கோ கிடைத்திருக்கலாம் என்பதுதான் எளிய வழி. மூன்று அரசர்களோடு இந்த உலோகம் நின்றுபோனதும் அதோடு பொருந்துகிறது, ஒரு சுரங்கத்தின் தாது தீர்ந்திருக்கலாம், அல்லது அந்தச் சுரங்கம் இருந்த பகுதி கைமாறியிருக்கலாம். நமக்கு இதில் உறுதியான லாபம் ஒன்று உண்டு, இந்த மூவரும் காலத்தால் ஒட்டியவர்கள் என்பதை உலோகமும் சொல்கிறது.

எந்தெந்த ஊர்களை ஆண்டான் என்ற கேள்விக்கு வருகிறேன். கிரேக்க எடைக் காசுகள் இருப்பதால் பாக்திரியாவில் குறைந்தது ஒரு பகுதி அவனிடம் இருந்தது. இரு மொழிக் காசுகள் இருப்பதால் மலைக்குத் தெற்கேயும் இருந்தது. இதுவரை சரி. தெற்கே எங்கே? செம்புக் காசின் வடிவமும் சிங்கமும் தட்சசீலத்து உள்ளூர்க் காசுகளை ஒத்திருப்பதால் தட்சசீலம் வரை என்பார்கள் சிலர், காபூல் பள்ளத்தாக்கோடு நிறுத்துவார்கள் சிலர், கந்தஹார் பக்கம் தள்ளுவார்கள் சிலர். மதுராவை ஆண்டான், பாடலிபுத்திரம் வரை போனான் என்ற கதைகளுக்கு அவன் காசுகளில் இடமே இல்லை. யவனன் சாகேதத்தை (அயோத்தியை) முற்றுகையிட்டான் என்று பதஞ்சலி ஒரு இலக்கண உதாரணத்தில் சொல்வது உண்மை, ஆனால் அந்த யவனன் யார் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஆறு காசு அய் கானூமில் கிடைத்ததை வைத்து அவை அங்கேயே அடிக்கப்பட்டன என்பதும் தவறு. அந்த நகரத்துக் கருவூலச் சாடிகளில் தட்சசீலத்து இந்தியக் காசு இருப்பாக மை எழுத்தில் குறித்திருக்கிறார்கள். தெற்கே நடந்த யூக்ரடைடிஸின் படையெடுப்பில் அள்ளி வந்த பணத்தோடு இவையும் வந்திருக்கலாம் என்பது எனக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது.

அகதோக்ளீஸ் இந்தியர்களுக்காக பிராமியைத் தேர்ந்தெடுத்தது இன்னொரு விதத்தில் நமக்கெல்லாம் பயன்பட்டது. அவனுக்குப் பிறகு வந்த இந்தோ-கிரேக்க அரசர்கள் கரோஷ்டிக்கு மாறிவிட்டார்கள், பிராமி எழுதிய கிரேக்கக் காசு பான்டலியன், அகதோக்ளீஸ் இருவரோடு முடிந்தது. ஆனால் 1836-இல் கிறிஸ்டியன் லாசன் என்ற அறிஞர் பிராமி எழுத்துகள் சிலவற்றை முதலில் சரியாக அடையாளம் கண்டது இந்த இருவரின் இரு மொழிச் செம்புக் காசுகளை வைத்துத்தான். ஒரு பக்கம் படிக்கத் தெரிந்த கிரேக்கப் பெயர், மறுபக்கம் அதே பெயர் தெரியாத எழுத்தில். அடுத்த வருடமே ஜேம்ஸ் பிரின்செப் மீதி எழுத்துகளைப் படித்து முடித்தார், அசோகரின் கல்வெட்டுகள் வாய் திறந்தன, அவற்றில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்கள் வந்தன. பிற்பாடு நம் குகைகளின் தமிழ் பிராமியைப் படிப்பதற்கும் அடித்தளம் அங்கேதான் விழுந்தது. தமிழ்நாட்டுக்கும் இந்த அரசனுக்கும் உண்மையான தொடர்பு ஏதாவது உண்டா என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆட்சி எப்படி முடிந்தது? அன்டிமாக்கஸ் அவனை ஒழித்தான் என்பார்கள், யூக்ரடைடிஸ் வந்து துடைத்தான் என்பார்கள். யூக்ரடைடிஸ் 300 பேரோடு இருந்தபோது 'இந்தியர்களின் அரசன் டெமெட்ரியஸ்' 60,000 பேரோடு முற்றுகையிட்டான், அதையும் தாண்டி யூக்ரடைடிஸ் ஜெயித்தான் என்று லத்தீன் வரலாற்றாசிரியர் ஜஸ்டின் ஒரு கதை சொல்கிறார், அதில்கூட அகதோக்ளீஸ் பெயர் வராது. ஒரு கட்டத்தில் அவன் காசு வருவது நின்றுபோகிறது, அவ்வளவுதான் கையில் இருக்கிறது. இந்த நிலை என்றைக்கும் இப்படியே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அன்டிமாக்கஸைப் பற்றியும் நெடுங்காலம் காசு மட்டுமே பேசியது, பிறகு 1990-களில் வரி கட்டியதற்காகத் தோலில் எழுதிக் கொடுத்த ஒரு ரசீது வெளிவந்தது. அதில் அன்டிமாக்கஸ் தியோஸ், யூமெனிஸ், அன்டிமாக்கஸ் என்று மூன்று பேர் சேர்ந்து ஆண்டதாக ஆட்சியாண்டோடு இருக்கிறது, யூமெனிஸ் என்ற பெயரையே அதற்கு முன்பு பாக்திரியாவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அகதோக்ளீஸுக்கும் அப்படி ஒரு தோல் துண்டு கிடைத்தால் நான் மேலே எழுதியதில் பாதியைத் திருத்த வேண்டி வரலாம், சந்தோஷமாகத் திருத்துவேன்.

கடைசியாக விற்பனை. வாங்காதீர்கள். முறையான அகழாய்வில் கிடைத்ததாக நாம் அறிந்த கிருஷ்ணர்-பலராமர் காசுகள் அந்த ஆறுதான், சந்தையில் புழங்குபவற்றில் நகல்கள் ஏராளம். நல்ல நகலைப் படத்தில் பார்த்து என்னால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது, எடை, விளிம்பு, அச்சு மூன்றையும் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவேளை அது அசலாக இருந்தால் விஷயம் இன்னும் மோசம். அய் கானூம் 1978-க்குப் பிறகு வந்த போர்க்காலத்தில் குழி குழியாகத் தோண்டிக் கொள்ளையடிக்கப்பட்டது, ஒரு அசல் காசு எந்த வழியாக விற்பனைக்கு வந்தது என்று விற்பவர் காகிதத்தோடு காட்ட முடியாவிட்டால் அது அந்தக் குழிகளில் ஒன்றிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 100 வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆசைக்கு ஒன்று வேண்டுமென்றால், நகல் என்று சொல்லியே விற்பவரிடம் நகலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். பலராமரின் கலப்பை கிரேக்க எழுத்து இருக்கும் பக்கத்தில் வருகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.